நல்ல ஹெட்போனுக்கு எந்த அம்ப், எந்த டாக், எந்தக் கேபிள்?

சென்ஹைசர் எச்டி 650, ஹைஃபைமேன் எடிஷன் எக்ஸ்எஸ். இந்த இரண்டு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு அப்பிள் டொங்கிள், ஃபியோ கே7 (மேசையில் வைக்கிற டாக்-அம்ப் பெட்டி; டாக் டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும், அம்ப் அதைப் பெருக்கும்), வீட்டில் கிடந்த பழைய ரிசீவர், கூடவே விலை கூடிய ஒரு வெள்ளி முலாம் கேபிள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம், முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போய்விடலாம்: உங்கள் ஹெட்போன் கேட்கும் வோல்ட்டையும் கரண்டையும் கணக்குப் பாருங்கள், அதைச் சுத்தமாகக் கொடுக்கிற முதல் பெட்டியோடு நின்றுவிடுங்கள். கே7 அப்படி நிற்கக்கூடிய ஒரு இடம். கேபிளுக்கென்று தனியாகக் காசு ஒதுக்கவே வேண்டாம்.

இதை மட்டக்களப்பில் இருந்துகொண்டு இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே திருமலை வீதியிலோ, காத்தான்குடியிலோ, கல்முனையிலோ எந்தக் கடைக்குப் போனாலும் ப்ளூடூத் ஹெட்செட் வேண்டியமட்டும் கிடைக்கும். 300 ஓம் (ஓம் என்பது கரண்டுக்கு ஹெட்போன் காட்டுகிற தடை) ஹெட்போனை அம்ப்போடு பொருத்தி, "இந்தா கேட்டுப் பார்" என்று தருகிற கடையை நான் பார்த்ததில்லை. ஆகவே கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வரும்போது கொண்டுவர வேண்டும். அப்படி வந்த சாமான் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் கதையே இல்லை. கேட்டுப் பார்த்து வாங்க முடியாத ஊரில் இருப்பவனுக்குக் கடதாசிக் கணக்குத்தான் துணை. நல்ல காலம், இந்த விஷயத்தில் அந்தக் கணக்கு உண்மையாகவே வேலை செய்யும்.

எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் சத்தம் வரும் என்று சென்ஹைசரே போட்டிருக்கிறது. பாட்டில் திடீரென்று வந்து விழும் பெரிய அடிகளுக்கு 110 டெசிபெல் வரை இடம் வைத்துக்கொள்வோம், அது தாராளம். அதற்கு 2.2 வோல்ட் வேண்டும். 300 ஓம் என்பதால் ஓடும் கரண்ட் 7.5 மில்லிஅம்பியர்தான், வெறும் 17 மில்லிவாட். இனி எடிஷன் எக்ஸ்எஸ்ஸைப் பாருங்கள்: 18 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 92 டெசிபெல். அதே 110-க்கு இது 63 மில்லிவாட் கேட்கிறது, வோல்ட் 1.1 போதும், ஆனால் கரண்ட் கிட்டத்தட்ட 60 மில்லிஅம்பியர். ஒன்று வோல்ட் கேட்கிறது, மற்றது கரண்ட் கேட்கிறது. "இந்த அம்ப் 1000 மில்லிவாட், அந்த அம்ப் 2000 மில்லிவாட்" என்று வாட் கணக்கை மட்டும் வைத்துச் சண்டை பிடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஓம் கூடினால் ஓட்டுவது கஷ்டம் என்பதும் பாதி உண்மைதான். பெயர்டைனமிக் கம்பனி டிடி 880 என்ற ஒரே ஹெட்போனை 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாக விற்றிருக்கிறது. எந்த ஓம் எந்த சோர்ஸுக்குப் பொருந்தும் என்பதுதான் அங்கே கேள்வி.

அந்த 110 என்பது கண நேரத்து உச்சத்துக்கு வைத்த இடம், அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு இல்லை. 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. காதை மாற்றி வாங்க முடியாது, அம்ப் வாங்கிய சந்தோஷத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அப்பிள் டொங்கிள். யூஎஸ்பி-சி பக்கத்தைப் போனில் குத்தி, 3.5 மிமீ பக்கத்தில் ஹெட்போனைக் கொடுக்கிற அந்தச் சின்ன வால். அமெரிக்காவில் 9 டொலர். இதைப் பார்த்தால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை, ஆனால் இதற்குள் டாக்கும் அம்ப்பும் இரண்டுமே இருக்கின்றன, அளவுகளும் மிக நல்ல அளவுகள், அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே விடும் பக்கத்தில் அதற்கே உள்ள தடை) 1 ஓம் அளவில்தான். முழு வொலியூமில் 1 வோல்ட் தருகிறது. அப்படியென்றால் எச்டி 650-இல் 103 டெசிபெல். பெரும்பாலான சினிமாப் பாட்டுகளுக்கு, அதிலும் இப்போது வருகிற, எல்லாச் சத்தத்தையும் மேலே தூக்கி வைத்த பாட்டுகளுக்கு, அது போதும். முழு வொலியூமுக்குப் போகவே தேவைப்படவில்லை.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஐரோப்பாவில் விற்கிற இதே டொங்கிள் 0.5 வோல்ட்தான் தரும், அங்குள்ள சத்தக் கட்டுப்பாட்டுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருக்கிற மாமா, சித்தப்பாக்களிடம் சொல்லி எடுப்பிக்கிற நமக்கு இது முக்கியம். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, 6 டெசிபெல் அப்படியே போய்விடும். இரண்டு, அண்ட்ரொய்ட் போன்களில் இதைக் குத்தினால் டொங்கிளின் உள் வொலியூம் வெகுவாகக் குறைந்த நிலையிலேயே நின்றுவிடுகிற பிரச்சினை பரவலாக இருக்கிறது. "டொங்கிள் குப்பை" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் இதைத்தான் கேட்டிருப்பார்கள். லப்டொப்பில் குத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் டொங்கிளோடு நேரே பேசுகிற ப்ளேயர் செயலி ஒன்றைப் போடுங்கள்.

டொங்கிள் எங்கே மூச்சு வாங்குகிறது என்றால், குறைந்த அளவில் பதிவு செய்த இசையில். என்னிடம் ஒரு வடமோடிக் கூத்துப் பதிவு இருக்கிறது, விடிய விடிய ஆடிய கூத்தைத் தெரிந்த ஒருவர் சின்ன ரெக்கோடரில் பிடித்தது. மத்தள அடியில் பதிவு உடைந்துவிடக் கூடாது என்று அவர் அளவை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறார். அதனால் அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கி நடத்துபவரின்) குரல் உச்சத்தில் இருந்து 28, 30 டெசிபெல் கீழே கிடக்கிறது. 103-இல் இருந்து 30-ஐக் கழித்தால் 73. அரை வோல்ட் டொங்கிளில் அதுவே 67. இரவில் அமைதியாக இருக்கும்போது கேட்கலாம், பகலில் மின்விசிறி சுழலும்போது குரல் அடிபட்டுப் போகிறது. எடிஷன் எக்ஸ்எஸ்ஸில் வேறு மாதிரி: சத்தம் வருகிறது, ஆனால் கூட்டக் கூட்ட மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து அடி தட்டையாகிக்கொண்டே போகிறது. கரண்ட் போதவில்லை.

கே7-க்கு மாற்றியதும் இந்த இரண்டு குறையும் தீர்ந்தது. 2022-இல் வந்த பெட்டி, வந்தபோது 199 டொலர். உள்ளே ஏகேஎம் கம்பனியின் டாக் சிப் இரண்டு, டிஎச்எக்ஸ் வகை அம்ப். சாதாரண 6.35 மிமீ வழியில் 32 ஓமுக்கு 1220 மில்லிவாட், 4.4 மிமீ பலன்ஸ்ட் (ஒவ்வொரு காதுக்கும் தனி பிளஸ், தனி மைனஸ்) வழியில் 2000. அந்த 1220-ஐ வோல்ட்டாகப் பார்த்தால் 6-க்குச் சற்று மேல், அதாவது எச்டி 650 கேட்கிற 2.2-ஐப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதன் வொலியூம் குமிழ் எனக்கு மிகவும் பிடித்தது. மலிவான அம்ப்களில் குமிழைக் கொஞ்சமாகத் திறந்தால் ஒரு காதில் சத்தம் கூட, மறு காதில் குறைய என்று வரும். கே7-இல் குமிழின் நிலையை டிஜிட்டலாக வாசித்துத்தான் சத்தத்தை மாற்றுகிறார்கள், அதனால் இரவில் மெல்லக் கேட்கும்போதும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. குமிழைச் சுற்றியுள்ள வெளிச்சம் ஓடுகிற ஃபைலுக்கு ஏற்ப நிறம் மாறும், இருட்டறையில் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது. ப்ளூடூத் இல்லை. அது வேண்டுமென்றால் அதற்குத் தனி மொடல் இருக்கிறது.

கூத்துப் பதிவு கே7-இல் எப்படி இருந்தது என்றால், அண்ணாவியாரின் குரலை வேண்டிய அளவுக்கு மேலே கொண்டுவந்த பிறகும் மத்தளம் அதன் முழுக் கனத்தோடு வந்து விழுகிறது, சதங்கை ஒலி இடமிருந்து வலமாகக் களரியைச் சுற்றிப் போவது தெரிகிறது. இதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: சாதாரணப் பாட்டுகளில், இரண்டையும் ஒரே சத்தத்துக்குச் சரிபார்த்து வைத்துக் கேட்டபோது, எச்டி 650-இல் டொங்கிளையும் கே7-ஐயும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவர் நான் பார்க்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார். அவர் அக்கரைப்பற்றுக்காரர், சொந்தமாக இரண்டு அம்ப் வைத்திருப்பவர், அவராலும் முடியவில்லை. "சரி மறுகா, என்னத்தத்தான் வாங்குற?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பவும் குத்திப் பார்த்தார்.

இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் யார் எந்த அம்ப்பைப் பற்றி என்ன சொன்னாலும் நான் நம்புவதில்லை. அரை டெசிபெல் கூட இருந்தால் கூட அதைக் காது "சத்தம் கூட" என்று எடுக்காது, "தெளிவு கூட" என்று எடுத்துக்கொள்ளும். செய்வது சுலபம்: 100 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் குத்தியிருக்கும்போதே பிளக்கில் ஏசி வோல்ட்டை மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு பெட்டியையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கடைகளில் கிடைக்கிற மிக மலிவான மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அது உதவாது. 2 வோல்ட் அளவு உள்ளதைத் தேடி எடுங்கள்.

வீட்டில் பழைய ரிசீவர் இருக்கிறது, அதிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதே என்பவர்களுக்கு: முந்தைய காலத்தில் வளைகுடாவில் இருந்து வந்த பெரிய செட்களில் பல, ஸ்பீக்கருக்குப் போகிற சிக்னலையே 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஹெட்போன் துளைக்கு விடும். அதில் எச்டி 650 நன்றாகவே பாடும், அதோடு பேஸ் 2 டெசிபெல் அளவில் தூக்கலாகவும் வரும், ஏனென்றால் அந்த ஹெட்போனின் ஓம் பேஸ் பக்கத்தில் 500 வரை ஏறுகிறது. பழைய தமிழ்ப் பாட்டுக்கு அந்தத் தூக்கல் வடிவாகப் பொருந்துகிறது, எனக்குப் பிடித்திருந்தது. அதே துளையில் எடிஷன் எக்ஸ்எஸ்ஸைக் குத்தினால் 25 டெசிபெல் போய்விடும், குமிழை வெகுதூரம் திருப்ப வேண்டும். ஆகவே 300 ஓம் ஹெட்போன் உள்ளவர்கள் அந்த செட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

டாக்கைத் தனியாக வாங்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீடி தரம் என்கிற 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் இடையே 96 டெசிபெல் வீச்சைத் தாங்கும். இன்று 100 டொலருக்குள் கிடைக்கிற டாக்குகளே அதைத் தாண்டி அளக்கின்றன. மட்டக்களப்பு வெக்கையில் மின்விசிறி இல்லாமல் யார் பாட்டுக் கேட்பது? இந்த இரண்டும் திறந்த முதுகு ஹெட்போன்கள், விசிறிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். 110 டெசிபெல் டாக்குக்கும் 120 டெசிபெல் டாக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தச் சத்தத்துக்கு மிக மிகக் கீழே கிடக்கிறது. கே7-க்குள் டாக் இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு டாக் தேவையில்லை.

கேபிள். கொழும்பில் ஒரு கடையில் வெள்ளி முலாம் பூசிய கேபிள் ஒன்றைக் கே7-இன் விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள். "தம்பி, போட்டுக் கேட்டா நீங்களே சொல்லுவீங்க" என்றார் கடைக்காரர். நண்பருடையதை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன், அளந்தும் பார்த்தேன். கணக்கு இதுதான்: போக வர என்று கேபிளின் மொத்த ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 300 ஓம் ஹெட்போனில் அது 0.03 டெசிபெல் மாற்றம். காதால் பிடிக்க முடியாது. எடிஷன் எக்ஸ்எஸ்ஸில் அதே 1 ஓம் அரை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் அது பிளேனர் வகை, அதாவது எல்லா ஒலிக்கும் ஓம் மாறாத வகை என்பதால் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் ஒரே அளவாகக் குறையும். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் தீர்ந்தது. வெள்ளி செம்பை விட 6 வீதம் அளவில்தான் கரண்டை நன்றாகக் கடத்துகிறது. செம்பு வயரைச் சற்றுத் தடிப்பாக எடுத்தாலே அந்த 6 வீதம் வந்துவிடும். வெள்ளியால் சத்தம் பளிச்சென்று ஆகும், செம்பால் இதமாக ஆகும் என்று சொல்கிறார்களே, அதற்கு வழியே இல்லை.

கேபிளில் பார்க்க வேண்டியது வேறு: நீளம் போதுமா, உடையில் உரசினால் அந்தச் சத்தம் காதுக்கு வருகிறதா, பிளக் இறுக்கமாக நிற்கிறதா. எச்டி 650-இன் கேபிள் 3 மீட்டர், கட்டிலில் படுத்துக் கேட்க வசதி, லப்டொப்போடு வைத்தால் காலில் சுற்றும். பலன்ஸ்டுக்குப் போக ஆசையென்றால் புதுக் கேபிள் வாங்க வேண்டியதில்லை. அதன் கேபிளில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு வயர் பிளக் வரை வருகிறது. ரேடியோ, டிவி திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தால் 4.4 மிமீ பிளக் ஒன்றை ஈயம் வைத்துத் தருவார்: நுனி இடது பிளஸ், அடுத்தது இடது மைனஸ், அப்புறம் வலது பிளஸ், வலது மைனஸ், அடிப்பகுதி சும்மா இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, 4.4 துளையில் அடாப்டர் போட்டுச் சாதாரண 3.5 பிளக்கைக் குத்தவே கூடாது, இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து அம்ப் பழுதாகலாம். என் இரண்டு ஹெட்போனுக்கும் பலன்ஸ்ட் தேவைப்படவில்லை. 6,000 டொலருக்கு வந்த ஹைஃபைமேன் சுஸ்வாரா போன்ற, 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல் மட்டுமே தருகிற ஹெட்போனுக்குத்தான் அது உண்மையில் பொருள்படும். அதுகூட 110-க்கு அரை வாட், 5.5 வோல்ட்தான்.

கேபிளுக்கு வைத்திருந்த காசை எர்த்துக்குச் செலவழியுங்கள், இதை முழு மனதோடு சொல்கிறேன். லப்டொப்பைச் சார்ஜரில் போட்டதும் ஹெட்போனில் ரீங்காரம் வருகிறதா, சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறதா? அப்படியென்றால் டாக்கில் குறையில்லை, எர்த்தில்தான் குறை. பழைய வீடுகள் சிலவற்றில் உருண்டைக் கால் பிளக் பொயின்டுகளில் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அது முடியாவிட்டால் கே7-இல் ஒப்டிகல் வழி இருக்கிறது, ஒளியில் போவதால் ரீங்காரம் அதில் ஏறாது. 2022 கரண்ட் கட் காலத்தில் பலர் வாங்கிய மலிவு இன்வேட்டர்கள் சுத்தமான அலை தருவதில்லை, அதில் அடாப்டரே இரைகிறது. அந்த நேரத்துக்கு டொங்கிளும் லப்டொப் பற்றரியும் போதும். சித்திரை மாத இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிளக்கைச் சுவரில் இருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் காணாது.

உப்புக் காற்றும் இருக்கிறது. கல்லடி, நாவலடி, காரைதீவு என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்குப் பிளக்குகள் சீக்கிரம் மங்கும், சுற்றும்போது கரகரக்கும். ஐசோபுரோபில் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். ஹெட்போனைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வையுங்கள், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசிக்கும் அது நல்லது.

ஆகவே எச்டி 650 வைத்திருந்து சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர் 1 வோல்ட் டொங்கிளோடு நிற்கலாம். கர்நாடகக் கச்சேரி, கூத்து, மேற்கத்திய செவ்வியல் என்று மெல்லிய பதிவுகள் கேட்பவரும், எடிஷன் எக்ஸ்எஸ் வைத்திருப்பவரும் கே7 எடுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். காசு மிஞ்சினால் ஈக்வலைசரைப் பழகுங்கள், அது சும்மா கிடைக்கிறது, எச்டி 650-இல் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபெல் ஏற்றியது எனக்கு எந்த அம்ப்பையும் விடப் பெரிய மாற்றமாக இருந்தது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சொல்லி விடும்போது ஹெட்போனுக்கு ஒரு சோடி காதுப் பஞ்சையும் (இயர்பேட்) சேர்த்துச் சொல்லுங்கள்: இந்த வியர்வையில் அது சீக்கிரம் அமுங்கிவிடும், அமுங்கினால் சத்தமே மாறும், இங்கே அது கிடைப்பதில்லை.